கட்டத்துக்குள் அமர்ந்த கவி

"கணக்கிலே புலி, தமிழ்ப் புத்தகத்தை எடு என்றால் மட்டும் ஒளிந்துகொள்கிறான்." வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் சொல் இது. சொல்பவர் குரலில் வருத்தம் பாதி, பெருமை பாதி. கணக்கு ஓர் அறை, கவிதை வேறோர் அறை, இடையே சுவர் என்று நாமும் எண்ணிவிட்டோம். பிள்ளைகளும் அவ்வாறே எண்ணி வளர்கின்றனர். அந்தச் சுவரில் நம் முன்னோர் வைத்த வாயில் ஒன்று உண்டு. அதன் பெயர் சித்திர கவி. இம்மாதம் நாம் அதனுள் நுழைந்து பார்ப்போம்.

கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகையாகப் பகுத்தனர் தமிழர். கேட்டவுடன் பாடுவது ஆசு; சொல்லும் பொருளும் இனிக்கப் பாடுவது மதுரம்; விரித்துப் பாடுவது வித்தாரம். சித்திரமோ, காதுக்கு மட்டுமன்றிக் கண்ணுக்கும் உரியது. எழுத்துக்களைப் பாம்பாகவும் தேராகவும் முரசாகவும் சக்கரமாகவும் கட்டங்களில் நிறுத்தினால், அவை நின்ற இடத்திலிருந்து செய்யுளாகப் பேச வேண்டும். தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இவற்றுக்கு இலக்கணம் கூறுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் இயற்றிய மாறனலங்காரம் இன்னும் விரித்துரைக்கிறது. பரிதிமாற் கலைஞர் இவற்றை விளக்கத் தனி நூலே எழுதினார். பாம்பன் சுவாமிகள் இவ்வகையிற் பல பாடி வைத்தார்.

படம் என்றவுடன் செய்யுளைச் சுற்றிப் போட்ட பூவேலை என்று கருதிவிடலாகாது. இங்கே படமே கணக்கு. இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும் நாகபந்தத்தில் உடலும் உடலும் குறுக்கிடும் இடத்தில் ஓர் எழுத்துத்தான் எழுத முடியும். அவ்வெழுத்து ஒரு பாம்பின் செய்யுளிலும் அமைய வேண்டும். மற்றதன் செய்யுளிலும் அமைய வேண்டும். சந்திப்புகள் பெருகப் பெருகப் புலவனுக்குரிய உரிமை சுருங்கும். வடிவத்தின் அழகு ஏறுகிறது. சொல்லின் உரிமை இறங்குகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை எண்ணால் அளந்து கூற முடியும் என்பதே நம்மை வியப்பில் ஆழ்த்துவது.

அளந்தே பார்ப்போம். முதலில் மிகச் சிறிய சதுரம் ஒன்று. பிள்ளைகளுக்கென நாமே கட்டியது.

க  வி  தை
வி  ளை  ய
தை  ய  ல்

இடமிருந்து வலமாகப் படியுங்கள்: கவிதை, விளைய, தையல். மேலிருந்து கீழாகப் படியுங்கள். அதே மூன்று சொற்கள். கவிதை விளைய வேண்டுமாயின் தையல் வேண்டும் என்பது பொருள். தையல் என்றால் ஊசிவேலையும் ஆகும், பெண்ணும் ஆகும். எதைக் கொண்டாலும் பொய்யில்லை. இலக்கணம் வல்லார் 'விளையத் தையல்' என்று ஒற்று மிக வேண்டுமே என்பர். மிகத்தான் வேண்டும், ஆனால் அந்தத் 'த்' வந்து உட்காரக் கட்டத்தில் இடமில்லை. 'விளைய' என்று சற்றே நிறுத்திப் படிக்கச் சொல்வதன்றி வேறு வழியில்லை. வடிவம் கேட்கும் விலை இதுவே.

இச்சதுரத்தில் கட்டங்கள் ஒன்பது. ஆனால் நாம் நம் விருப்பப்படி தேர்ந்த எழுத்துக்கள் ஆறுதான். மூலைவிட்டத்தின் மேலே நிற்கும் மூன்றும், அதற்கு ஒரு பக்கத்தில் நிற்கும் மூன்றும் தேர்ந்துவிட்டால், எதிர்ப்பக்கத்து மூன்றும் கண்ணாடியில் விழும் நிழல்போலத் தாமே வந்து நின்றுவிடும்.

இப்போது பெரிய சதுரத்துக்கு வருவோம். சருப்பதோபத்திரம் என்பது அதன் பெயர். 'எப்புறமும் நலமானது' என்ற பொருளுடைய வடசொல்லின் தமிழ் வடிவம் அது. அடிக்கு எட்டெழுத்தாக நாலடி, ஆக 32 எழுத்துக்கள். நாலடியையும் மேலிருந்து கீழாக ஒரு முறையும், கீழிருந்து மேலாக மறுமுறையும் எழுதினால் 64 கட்டங்கள் நிரம்பும். சதுரங்கப் பலகை அளவே ஆகும். அதன்பின் எந்த மூலையில் தொடங்கி எத்திசையிற் படித்தாலும் அதே செய்யுள் வர வேண்டும். அவ்வாறு வர வேண்டுமாயின் ஒவ்வோர் அடியும் திருப்பிப் படித்தாலும் அதுவாகவே இருக்க வேண்டும்; ஆகவே முதற் பாதி நான்கெழுத்தே அடி முழுவதையும் முடிவு செய்துவிடும். எஞ்சுவது நான்குக்கு நான்கு சதுரம், பதினாறு கட்டம். அதுவும் மேற்சொன்ன மூலைவிட்டக் கண்ணாடிக்குக் கட்டுப்பட்டது. எனவே மூலைவிட்டத்தில் நான்கு, ஒரு பக்கத்தில் ஆறு. 64 கட்டம் நிரப்பும் புலவன் தன் மனம்போல் வைக்கக்கூடிய எழுத்து பத்தே பத்து! பாரவி தம் கிராதார்ச்சுனீயத்தின் பதினைந்தாம் சருக்கத்தில் வடமொழியில் இதனைச் செய்து காட்டினார். தமிழ்ப் புலவரும் செய்தனர். பத்து எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருளும் தந்து ஓசையும் காத்தவர்கள் என்று அறிந்த பின்னர், அவற்றின் பொருள் சற்றுக் கரடுமுரடாக இருப்பதை மன்னிக்க நமக்கு மனம் வருகிறது.

எழுத்து என்றோம். தமிழில் எழுத்தென்றால் எது என்பதை நம் பிள்ளைகளுக்கு இவ்விடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். 'விகடகவி' என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் விகடகவியே. 'யானை பூனையா' என்பதும் அவ்வாறே. உயிர்மெய் ஒன்று ஓர் எழுத்து. 'வி' ஒன்று, 'க' ஒன்று, 'ட' ஒன்று. இதில் ஐயம் எழ இடமேது என்று பெரியவர்கள் கேட்கலாம். பள்ளியிற் கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்ற பிள்ளையிடம், விகடகவியைத் தலைகீழாக்கிக் காட்டு என்று கூறிப் பாருங்கள். யூனிகோடு முறையில் 'வி' என்பது 'வ' ஒரு குறியும் அதன் கொக்கி மற்றொரு குறியுமாக இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. நாம் ஐந்தெழுத்தாகக் காண்பது அப்பொறிக்கு ஏழு குறி. ஏழையும் அப்படியே திருப்பினால் முதலில் வந்து நிற்பது ஏறி உட்கார எழுத்தில்லாத வெறுங்கொக்கி. 'இச்சொல் இருபுறமும் ஒத்ததன்று' என்று பொறி தீர்ப்புக் கூறிவிடும். பொறியின்மேற் குற்றமில்லை, எழுத்தைக் கூட்டிக் கொடுக்கும் வேலை எழுதுபவனுடையது. தன் தாய்மொழியில் எழுத்து எதுவென அறிந்த பிள்ளை இரண்டு வரி கூடுதலாக எழுதி அதனைத் திருத்திவிடுவான். அறியாத பிள்ளை பொறியின் தீர்ப்பை நம்பிவிடுவான். நம் கவலை இரண்டாமவனைப் பற்றியது. தேவநாகரி எழுத்துக்கும் இதே நிலைதான் என்பதால், இவ்வூர்ப் பள்ளியில் உடன் படிக்கும் தோழர்களுக்கும் அவன் இதனைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இருபுறமும் ஒத்துவரும் பாட்டுக்கு மாலைமாற்று என்று பெயர். ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் பதினொரு பாட்டுக் கொண்ட பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். அதன் முதற்பாட்டை எடுத்துப் பார்த்தால் புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. புள்ளியெழுத்து சொல்லின் முதலில் வாராது. ஈற்றில் வந்த ஒற்று திரும்பும்போது முதலுக்கு வந்து நின்றுவிடும். ஆதலால் அவர் நெடில்களைக் கொண்டே நடையைக் கட்டிவிட்டார். உரையின் துணையின்றி இப்பதிகம் விளங்காது என்பது உண்மையே. உரையோடு படித்தாலும் சம்பந்தரின் மற்றைப் பதிகங்களில் நாம் பெறும் இனிமையை இதில் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

ஆனால் அதே சம்பந்தரின் திருவெழுகூற்றிருக்கையைப் பற்றி நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். நக்கீரர், திருமங்கையாழ்வார், அருணகிரிநாதர் ஆகியோரும் இவ்வகையிற் பாடியுள்ளனர். ஏழு அறைகளுக்குள் சிறுபிள்ளைகள் புகுந்தும் வெளிவந்தும் விளையாடுவதுபோல, ஒன்று முதல் ஏழுவரை எண்கள் ஏறியும் இறங்கியும் வருவது இதன் இயல்பென்று யாப்பருங்கல விருத்தி விளக்குகிறது. பழைய உரைகாரர்கள் எவ்வளவு வீட்டுப் பாங்காகப் பேசுகிறார்கள் பாருங்கள்! முதல் அறைக்குள் போய், இரண்டாம் அறையை எட்டிப் பார்த்து, மீண்டும் முதலுக்கு வரவேண்டும். அடுத்த முறை மூன்றாம் அறைவரை. அதற்கடுத்து நான்கு. எண்ணுக்கு ஒரு கட்டமாக எழுதி, உச்சியில் ஓர் ஒன்றையும் வைத்தால் இப்படி அமையும்:

            1
         1 2 1
      1 2 3 2 1
   1 2 3 4 3 2 1

ஏழுவரை இவ்வாறு படிப்படியாக அகன்று கொண்டே போகும். இதனையே தேராக வரைந்து இரதபந்தம் என்பர். தேர் என்னும் கற்பனையைக் காட்டிலும் இந்தப் படிகளே நமக்கு அதிக இன்பம் தருகின்றன.

காகிதமும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். முதற்படியில் கட்டம் 1, அடுத்ததில் 3, பின்னர் 5, 7, 9, 11, 13. ஏழு படியும் கூட்டினால் 49, ஏழின் வர்க்கம். இப்போது கட்டங்களை விட்டுவிட்டு, அடிப்படியில் உள்ள எண்களை மட்டும் கூட்டுங்கள்: ஒன்றிலிருந்து ஏழுவரை ஏறி மீண்டும் ஒன்றுக்கு இறங்கினால், அதுவும் 49. எத்தனை படியோடு நிறுத்தினாலும் இவ்விரு கூட்டுத்தொகையும் ஒன்றாகவே இருக்கும். நான்கு படியில் நிறுத்திப் பாருங்கள். அங்கும் கட்டம் 16, அடிப்படியின் கூட்டு 16. ஏன்? படத்தை மேலிருந்து கீழாக நோக்கினால் விடை கிடைக்கும். நடுப்பத்தி 1, 2, 3, 4 என இறங்குகிறது. அதன் இருமருங்கிலும் உள்ள பத்தி 1, 2, 3 என இறங்குகிறது. ஒவ்வொரு பத்தியும் ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்குகிறது. ஆகவே அடிப்படியில் எழுதிய எண், தன் தலைமேல் தன்னையும் சேர்த்து எத்தனை கட்டம் நிற்கிறது என்பதையே சொல்கிறது. பக்கவாட்டில் பாடிய பாட்டு நெடுக்கிலும் எண்ணிக்கொண்டிருக்கிறது!

புலவர் பெருமக்கள் இவ்வெண்களை எவ்வாறு பாட்டில் புகுத்தினர் என்பது தனிச்சுவை. எண்ணுப்பெயரை வெளிப்படையாகச் சொல்வதும் உண்டு. வேறு பொருள் தரும் சொல்லுக்குள் ஒளித்து வைப்பதும் உண்டு. திருமங்கையாழ்வார் யானையை 'நால்வாய்' என்கிறார். நாலுதல் என்றால் தொங்குதல். தொங்கும் வாயுடையது யானை. காதில் விழுவதோ நான்கு. 'அஞ்சிறை' என்றால் அழகிய சிறகு. காதில் விழுவதோ ஐந்து. நான்கு வாயுள்ள யானையைத் தேடிப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தச் சிரிப்போடு ஒரு பழந்தமிழ்ச் சொல்லும் அவர்கள் நெஞ்சில் தங்கிவிடும்.

இனித் தமிழகத்துக்கும் காசுமீரத்துக்கும் பாலமிட்ட ஒரு குதிரையைப் பற்றிக் கூற வேண்டும். சதுரங்கக் குதிரை இரண்டு கட்டம் நேரே சென்று ஒரு கட்டம் பக்கத்தில் திரும்பும் என்பதை நம் வீட்டுச் சிறுவர் அறிவர். பலகையின் எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொரு முறையே மிதித்து வருமாறு அக்குதிரையை ஓட்ட முடியுமா என்பது பழைய வினா. மேனாட்டுக் கணித மேதை ஆய்லர் 1759-இல் இதனை முறையாக ஆராய்ந்தார். அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு முன்னரே, காசுமீரத்து உருத்திரடர் தம் காவியாலங்காரத்தில் இதனைச் செய்யுளாக்கிவிட்டார். அனுட்டுப்புச் சுலோகத்துக்கு அடிக்கு எட்டாக 32 எழுத்து; பாதிப் பலகைக்கு 32 கட்டம். இரண்டும் பொருந்தி நிற்கின்றன. நேரே படித்தாலும், குதிரை தாவும் வழியிற் படித்தாலும் ஒரே சுலோகம் வருமாறு அமைத்தார். ஆனால் அதற்காகக் குதிரையின் வழியால் ஒன்றோடொன்று பிணையுண்ட கட்டங்களிலெல்லாம் ஒரே எழுத்தை அவர் வைக்க நேர்ந்தது. எனவே அச்சுலோகம் சில எழுத்துக்களையே திரும்பத் திரும்ப மெல்லுகிறது.

காஞ்சியை அடுத்த தூப்புலில் 1268-இல் தோன்றிய வேதாந்த தேசிகர் இவ்விடத்தில் ஒரு படி மேலே சென்றார். அரங்கனின் பாதுகையைப் போற்றி 1008 சுலோகங்களால் ஆன பாதுகா சகசிரத்தில் சித்திரங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் அடுத்தடுத்து இரு சுலோகங்கள். முதலாவதைக் கட்டங்களில் எழுதிக் குதிரை வழியே படித்தால் இரண்டாவது சுலோகம் கிடைக்கும், பொருளும் வேறு. ஒரே சுலோகமாக மீள வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தி, அவ்விடத்தில் இரட்டைப் பொருள் என்ற கடினத்தை ஏற்றுக்கொண்டார். எழுத்துக்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இரண்டனுள் எது அரிது என்று நம்மைக் கேட்டால், தயங்காமல் தேசிகருடையதே என்போம். பிறகு ஒரு செய்தி: நான்கு வரிசை மட்டுமே உள்ள பலகையில் எல்லாக் கட்டங்களையும் மிதித்த குதிரை அடுத்த தாவலில் தொடங்கிய இடத்துக்கே மீள இயலாது என்பது நிறுவப்பட்ட தேற்றம். எட்டு நிரையானாலும் எண்பது நிரையானாலும் அதுவே முடிவு.

இத்தனையும் கவிதைதானா என்று கேட்பவர் அன்றும் இருந்தனர். உருத்திரடர் வாழ்ந்த அதே நாட்டில், அதே ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், சித்திரத்தைக் கவிதையின் போலி என்றே ஒதுக்கினார். பின்வந்த மம்மடர் அதனைக் கடைசி வரிசையில் அமர்த்தினார். இப்பழியை முற்றும் மறுக்க நமக்கு எண்ணமில்லை. வடிவம் நிரம்பினாற் போதும் என்று எழுதப்பட்ட பந்தங்கள் பல, பொம்மைத் தேர்போல அசையாமல் நிற்கின்றன. ஆனால் எழுகூற்றிருக்கையைப் போலி என்று கூறுபவர், கோயிலில் ஒரு முறை நின்று அதனைக் கேட்டுப் பார்க்கட்டும். ஓதுவோர் நாவில் எண்கள் ஏறி இறங்கும்போது மூச்சும் உடன் ஏறி இறங்குகிறது. அங்கே கணக்கு தாளமாகிவிடுகிறது. வடிவத்தைக் கண்ணாற் காணாதவர்க்கும் அது காதில் விழுகிறது. இதுவே நாம் வைக்கும் உரைகல்: படத்தை மறைத்துவிட்டுக் கேட்டாலும் பாட்டு நிற்குமாயின் அது கவிதை, படம் போனவுடன் சரிந்துவிடுமாயின் அது புதிர். புதிருக்கும் வீட்டில் இடமுண்டு. பெயரைத்தான் மாற்றிச் சொல்லக்கூடாது.

சித்திரத்தில் நம் பெண்மக்களின் பங்கை எந்த அலங்கார நூலும் கூறவில்லை. புள்ளி வைத்து, எடுத்த கோடு எடுத்த இடத்தில் முடியச் சிக்குக் கோலம் போடுபவர்கள் நாகபந்தத்தின் உறவினரே. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களின் அமைப்பைக் கணித இலக்கணமாக வகுத்து 1974-இல் வெளியிட்டனர். கணிப்பொறி இயலில் படங்களுக்கு இலக்கணம் எழுதும் துறையில் அக்கட்டுரைக்குத் தனி மதிப்புண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசலுக்கு இடமில்லாமல் கதவின்முன் ஒரு சாண் கோலம் இடும் நம் சகோதரிகள் இதனை அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே குறித்தோம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறோம். மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இப்பாட்டுக்கள் படமின்றி வெறும் வரிகளாக அச்சாகின்றன. கைப்பேசியில் படிக்கும்போதும் வரிதான் கிடைக்கிறது. தேரைப் பிரித்து விறகாக அடுக்கி வைத்ததுபோல இருக்கிறது அது. ஆகவே படம் வரையும் வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் ஏழு படிகளையும் ஒரு தாளில் வரைந்து எடுத்துச் செல்லலாம். திருமங்கையாழ்வார் பாடிய எழுகூற்றிருக்கை குடந்தைச் சாரங்கபாணிப் பெருமானுக்குரியது. அக்கோயிலின் கருவறையே சக்கரமும் குதிரையும் யானையும் பூட்டிய கல்தேராக அமைந்திருக்கிறது. அருணகிரிநாதர் பாடியது அடுத்துள்ள சுவாமிமலைக்கு. அங்கே ஏறுவதற்கு அறுபது படிகள். தேரின்முன் நின்று பாட்டைப் பெரியவர் சொல்லச் சொல்ல, எண் ஒளிந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடித்துத் தாளில் எண்ணைக் குறிப்பது பிள்ளைகள் பொறுப்பு.

ஊர் செல்லும் நாள் தொலைவில் இருப்போர்க்கு வேறொரு வேலை தருகிறோம். நான்கெழுத்துச் சொற்கள் நான்கு. நெடுக்கிலும் குறுக்கிலும் அதே நான்காக வர வேண்டும். பதினாறு கட்டம், பத்து எழுத்து. கணிப்பொறியின் துணையும் கொள்ளலாம். எழுத்து எதுவென்று அதற்கு முதலில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். பொருளோடு அமைத்து அனுப்பும் சிறுவர் சிறுமியர் ஆக்கங்களைப் படத்தோடு இப்பகுதியிலேயே வெளியிடுவோம். நாமும் முயன்றுகொண்டிருக்கிறோம், மூன்றாவது சொல்வரை வந்திருக்கிறது.